கம்பெனி பிளாக் ரீடிசைன்: படிக்கறவங்களுக்கு சொகுசு, எழுதறவங்களுக்கு கொடுமை (ஒரு வருஷத்துக்கு மேல யூஸ் பண்ணிட்டு எழுதறது)

வேற கம்பெனில இருக்கற நண்பர் ஒருத்தர் மெசேஜ் பண்ணிருந்தார். "நாங்களும் எங்க பிளாக்கை ரீடிசைன் பண்ணலாம்னு இருக்கோம், உங்களோடது பாக்க செமயா இருக்கே, வொர்த்தா?"ன்னு. ரெண்டு வரில பதில் போடலாம்னு தான் உக்காந்தேன், அது பாட்டுக்கு நீண்டுக்கிட்டே போச்சு. அதுவும் போன வாரம் தான் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருந்த ஒரு ரிப்பேர் ஒருவழியா நடந்து முடிஞ்சிருக்கு, அந்த சூடு ஆறல. அதனால பொதுவாவே எழுதிப் போட்டுடறேன்.

எங்க பிளாக் ஓடறது வேர்ட்பிரஸ்ல (வெப்சைட் நடத்தற சாஃப்ட்வேர்) தான், மேல ஒரு கஸ்டம் தீம் (எங்களுக்குன்னே செஞ்ச தோற்றம்), எழுதறதுக்கு அதோட பிளாக் (block) எடிட்டர். இதுக்கு மேல ஸ்பெக் வேணும்னா தேடினா ஆயிரம் பேர் எழுதிருக்காங்க. நான் இந்த பிளாக்ல எழுதவும் செய்றேன், டீம்ல மத்தவங்க எழுதினதை வேலைக்காக தேடிப் படிக்கவும் செய்றேன், ரெண்டு பக்கமும் அடி வாங்கின ஆள்ங்கற தகுதி மட்டும் தான் எனக்கு.

முதல்ல படிக்கற பக்கம், ஏன்னா நியாயமா பேசணும்னா அங்க குறை சொல்ல முடியாது. பழைய டிசைன்ல மானிட்டர் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு வரி ஓடும், ஒரு வரி முடிஞ்சு அடுத்த வரியோட ஆரம்பத்தை கண்ணு தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள படிச்சது மறந்து போகும். வரிக்கு 45லருந்து 75 எழுத்துக்குள்ள வெச்சுக்கோன்னு டைப்போகிராஃபி ஆளுங்க காலங்காலமா சொல்றாங்க, புதுசுல அதை கேட்டிருக்காங்க. அப்புறம் அந்த கிரே கலர் ஒழிஞ்சது. வெள்ளைல #999ங்கற அந்த கிரே போட்டா பாக்க நாசூக்கா தான் இருக்கும், ஆனா கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) கணக்கு போட்டா 2.85 தான் வரும், அக்சஸிபிலிட்டி விதிப்படி சாதாரண சைஸ் எழுத்துக்கு குறைஞ்சது 4.5 வேணும். வெயில்ல நின்னு ஃபோன்ல படிச்சுப் பாத்தவங்களுக்கு அந்த வித்தியாசம் நம்பர் இல்லாமலே புரியும்.

எனக்கு இதெல்லாத்தையும் விட பெருசா பட்டது தேதி. பழைய டிசைன்ல யாரோ ஒரு புண்ணியவான், கட்டுரை பழசுன்னு தெரிஞ்சா ஆளு போயிடுவாங்கன்னு சொல்லி தேதியையே தூக்கிட்டார். எங்களோடது டெக்னிக்கல் பிளாக், வெர்ஷன் மாறினா பாதி கட்டுரை செல்லாது. தேதி இல்லாம ஒரு செட்டப் கட்டுரையைப் படிச்சுட்டு அப்படியே பண்ணிப் பாத்து, ஒண்ணும் ஓடாம, கடைசில அது ரெண்டு வெர்ஷன் முன்னாடி எழுதினதுன்னு கண்டுபிடிக்கறது எவ்வளவு கடுப்புன்னு பட்டவங்களுக்கு தான் தெரியும். இப்போ தலைப்புக்கு கீழயே எழுதின தேதி, பக்கத்துல கடைசியா திருத்தின தேதி, ரெண்டும் இருக்கு. சின்ன விஷயம் தான், இதுக்காகவே யார் அந்த டிசைனரோ அவருக்கு ஒரு கும்பிடு.

கோட் பிளாக் (கட்டுரைக்குள்ள கோட் இருக்கற பெட்டி) இப்போ தனியா ஸ்க்ரோல் ஆகுது, முன்னாடி நீளமான ஒரு கமாண்ட் இருந்தா பக்கமே பக்கவாட்டுல இழுபடும். பழைய லிங்க் எல்லாத்துக்கும் ஒழுங்கா 301 போட்டு புது முகவரிக்கு திருப்பி விட்டுட்டாங்க, இதை மறந்துட்டு ரீடிசைன் பண்ணி சர்ச்ல காணாம போன பிளாக்குங்க எத்தனையோ. ஆர்எஸ்எஸ் ஃபீடை (புது போஸ்ட்டை படிக்கறவரோட ஆப்லயே காட்டற வழி) எடுத்துடலாம்னு ஒரு பேச்சு வந்துச்சு, அதைப் படிக்க இருந்த கூகுள் ரீடரே 2013ல மூடியாச்சே இன்னும் யார் யூஸ் பண்றாங்கன்னு. டெக்னிக்கல் பிளாக் படிக்கறவங்கள்ல ஃபீட் ரீடர்ல படிக்கறவங்க இன்னிக்கும் இருக்காங்கன்னு சண்டை போட்டு காப்பாத்தியாச்சு. வேகமும் நல்ல வேகம், சர்வருக்கு முன்னாடி கேஷ் (பக்கத்தோட தயார் காப்பியை எடுத்துக் கொடுக்கறது) வெச்சிருக்காங்க, பெரும்பாலும் சர்வர் வரைக்கும் போகாமலே பக்கம் வந்துடுது. (இந்த கேஷை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசில வரும்.)

எழுதற பக்கத்துல ஒரே ஒரு விஷயம் நான் எதிர்பாக்காத சந்தோஷம்: டிராஃப்ட்டை வெளில காட்டற லிங்க். வேர்ட்பிரஸ்ல சாதாரணமா பிரிவியூ பாக்கணும்னா லாகின் வேணும். எங்களுக்கு ஒரு பிளகின் (வேர்ட்பிரஸ்ல கூடுதலா மாட்டற சின்ன புரோகிராம்) போட்டுக் கொடுத்தாங்க, டிக் பண்ணா ஒரு லிங்க் வரும், யாருக்கு வேணா அனுப்பலாம், 48 மணி நேரத்துல அதுவே செத்துப் போயிடும். இதுக்கு முன்னாடி எல்லாத்தையும் வேற ஒரு டாக்குமெண்ட்ல எழுதி, அங்க கமெண்ட் வாங்கி, அப்புறம் காப்பி பேஸ்ட் பண்ணி, அதுல ஃபார்மட் உடைஞ்சு, அதை சரி பண்ணி... இப்போ சப்போர்ட் டீம்ல இருக்கற அக்கவுண்ட்டே இல்லாத ஒருத்தருக்கு லிங்க்கை அனுப்பினா, அவங்க சாப்பிடும்போது ஃபோன்ல படிச்சுட்டு "மூணாவது ஸ்டெப்ல எல்லா கஸ்டமரும் மாட்டறாங்க, அதை இன்னும் விளக்குங்க"ன்னு சொல்றாங்க. பப்ளிஷ் ஆனா எப்படி தெரியுமோ அப்படியே பாத்துட்டு சொல்றாங்க, அது தான் முக்கியம்.

அதை பாத்து தான் ஒரு தடவை ஒரு கேவலமான விஷயம் மாட்டுச்சு. சாதாரண பத்தில கமாண்ட் எழுதினா, ரெண்டு ஹைஃபனை வேர்ட்பிரஸ் அதுவா சேத்து ஒரே நீளக் கோடா மாத்திடும், நேரான மேற்கோள் குறியை வளைச்சும் விட்டுடும், பாக்க அழகா இருக்கணுமாம். எடிட்டர்ல பாத்தா எல்லாம் ஒழுங்கா தான் தெரியும், படிக்கறவர் பாக்கற பக்கத்துல வரும்போது தான் மாறும். படிக்கறவர் அதை காப்பி பண்ணி டெர்மினல்ல (கமாண்ட் அடிக்கற விண்டோ) போட்டா எரர் வரும், கண்ணால பாத்து கண்டுபிடிக்கவும் முடியாது, அந்தக் கோடு அந்தக் கோடு மாதிரியே தான் இருக்கும். கோட் ஃபார்மட்ல போட்டா மட்டும் தொடாது. லிங்க் வாங்கின டெஸ்டர் ஒருத்தர் நிஜமாவே காப்பி பண்ணி ஓட்டிப் பாத்ததால தப்பிச்சோம்.

சரி, புகழ்ந்தது போதும். கவர் இமேஜுக்கு வருவோம்.

புது டிசைன்ல ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் கவர் இமேஜ் கட்டாயமா இருந்துச்சு. 1200×630, ஷேர் பண்ணா வர்ற கார்டு சைஸ். அது இல்லாம பப்ளிஷ் பட்டன் மங்கலா கிடக்கும், அழுத்த முடியாது. சரி, ஒரு படம் தானேன்னு தோணும். நம்ம கட்டுரை ஒரு டேட்டாபேஸ் இண்டெக்ஸ் ஏன் வேலை செய்யலங்கறதைப் பத்தி, அதுக்கு என்ன படம் போடுவீங்க? உள்ள இருக்கற டயகிராமையே போடலாம்னா, இந்தப் படம் மூணு இடத்துல மூணு அளவுல வெட்டப்படும்: முகப்பு கார்டுல ஒரு மாதிரி, கட்டுரை தலைல நீள பட்டையா, ஃபோன்ல சதுரமா. ஆக டயகிராம்ல இருக்கற பாக்ஸ் எல்லாம் பாதி பாதியா தொங்கும், "சர்வர்"னு எழுதினதுல "ர்வ" மட்டும் தெரியும். எந்த இடத்தை வெட்டணும்னு நாம சொல்லவும் வழி கிடையாது. அதனால எல்லாரும் என்ன பண்ணாங்க? ஸ்டாக் ஃபோட்டோ. நீல வெளிச்சத்துல கீபோர்டு, கீபோர்டு மேல கை, மேகத்துக்குள்ள பூட்டு. முகப்பை திறந்தா ஏதோ இன்சூரன்ஸ் விளம்பரம் வரிசையா ஒட்டின மாதிரி இருக்கும்.

இதனால படிக்கறவங்களுக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல. ஃபோன்ல கட்டுரையை திறந்தா முதல் ஸ்க்ரீன் முழுக்க அந்த கீபோர்டு தான், தலைப்பைப் பாக்கறதுக்கே தள்ளணும். பக்கத்துல பெரிய விஷயம் 2.5 செகண்டுக்குள்ள தெரியணும்னு கூகுள் ஒரு அளவு வெச்சிருக்கு, எங்க பக்கத்துல அந்தப் பெரிய விஷயமே இந்த கவர் இமேஜ் தான், அதுக்கு போய் லேஸி லோடிங் (ஸ்க்ரோல் பண்ணி கிட்ட வர்றப்போ தான் படத்தை இறக்கறது) போட்டு வெச்சிருந்தாங்க, கீழ இருக்கற படத்துக்கு போடவேண்டியதை முதல் படத்துக்கு! வேர்ட்பிரஸே 2020ல எல்லா படத்துக்கும் லேஸி லோடிங்கை கொண்டு வந்து, 2022ல 5.9 வந்தப்போ முதல் படத்தை விட்டுடுன்னு திருத்திக்கிச்சு, ஆனா கஸ்டம் தீம்ல கையால எழுதினதை அது எங்க தொடப் போகுது.

இதைக் கூட பொறுத்துக்கலாம். பொறுக்க முடியாதது எழுதறவங்களுக்கு நடந்தது. எங்க பிளாக்ல எனக்கு பிடிச்சதே சின்ன குறிப்புங்க தான். ராத்திரி ஒரு பிரச்சனை வந்து அதை சரி பண்ணவர், மறுநாள் நாலு பத்தில என்ன ஆச்சு, எங்க தேடினோம், கடைசில எதுன்னு எழுதிப் போடுவார், அந்த மாதிரி. ரீடிசைனுக்கு அப்புறம் அவர் எழுதி முடிச்சு பட்டனைத் தேடினா, "கவர் இமேஜ் தேவை". சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். நாளைக்கு பாத்துக்கலாம்னு மூடிடுவார், நாளைக்கு வேற பிரச்சனை வந்துடும். இன்னிக்கும் டிராஃப்ட் லிஸ்ட்டை திறந்து பாத்தா அந்த மாதிரி குறிப்புங்க வரிசையா கிடக்கு, உள்ள எழுத்து முழுசா இருக்கு, படம் மட்டும் தான் இல்ல. ஒண்ணோட தலைப்பு "லாக் ஃபைல் டிஸ்கை நிரப்பினா என்ன ஆகும்". வேணுங்கற ஆளு எத்தனை பேர் அதே எரரை சர்ச்ல தேடிக்கிட்டு இருப்பாங்க.

அப்போ யார் தான் பப்ளிஷ் பண்றாங்க? படம் பண்ண டிசைனர் கையில வெச்சிருக்கற மார்க்கெட்டிங் டீம். கொஞ்சம் கொஞ்சமா முகப்பு முழுக்க அறிவிப்பு, விருது, "பெருமையுடன் அறிமுகப்படுத்துகிறோம்". தேதி ரெண்டும் சரியா இருக்கு, வரி அகலம் சரியா இருக்கு, கலர் சரியா இருக்கு, படிக்கறதுக்கு தான் ஒண்ணும் இல்ல.

ஏன் கட்டாயம்னு கேட்டா, படம் இல்லாத கார்டு முகப்புல ஓட்டையா தெரியுமாம். முகப்புக்கு யாருங்க வர்றா? சர்ச்ல தேடி வர்றவங்க நேரா கட்டுரைல இறங்கறாங்க, லிங்க் அனுப்பினா வர்றவங்களும் அப்படித்தான். முகப்பை உத்து உத்து பாக்கறது டிசைனை அப்ரூவ் பண்ற மீட்டிங்ல உக்காந்தவங்க மட்டும் தான்.

டிசைன் பண்ணவங்க மேல முழுப் பழியும் போட மாட்டேன். படிக்கறவங்க சிலரை கூப்பிட்டு உக்கார வெச்சு, அவங்க எப்படி படிக்கறாங்கன்னு பாத்து தான் பண்ணாங்க, அது பக்கத்துல நல்லாவே தெரியுது. எழுதறவங்க சார்பா மீட்டிங்ல இருந்தவர் மத்தவங்க எழுதினதை வாங்கி ஏத்தறவர், அவருக்கு படம் ஒரு பிரச்சனையே இல்ல. எழுதற ஒருத்தரையாவது பக்கத்துல உக்கார வெச்சு, "ஒரு போஸ்ட் போடுங்க பாப்போம்"னு சொல்லிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். அப்புறம் வேலை முடிஞ்சு ஒப்பந்தமும் முடிஞ்சுது, சின்ன மாத்தம் கேட்டாலும் அது புது ரிக்வெஸ்ட், புது எஸ்டிமேட், புது அப்ரூவல்.

இன்னொண்ணு, தமிழ்ல தலைப்பு வெச்சு எழுதறவங்களுக்காக இடைல சொல்லிக்கறேன். தமிழ் எழுத்து லிங்க்ல போகும்போது ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தா மாறும், "கெ"ன்னா க ஒண்ணு கொம்பு ஒண்ணு, மொத்தம் பதினெட்டு. வேர்ட்பிரஸ் 200ல வெட்டிடும். ஆக கொஞ்சம் நீளமான தலைப்புன்னா லிங்க் நடு வார்த்தைல முண்டமா நிக்கும். முகவரியை கையால சின்னதா மாத்தி வெச்சுக்கோங்க, எந்த ரீடிசைனும் இதை உங்களுக்காக பண்ணித் தராது.

சரி, போன வார ரிப்பேர். கவர் இமேஜ் இப்போ கட்டாயம் இல்ல. படம் வெக்கலன்னா தலைப்பையே ஒரே நிற அட்டைல பெருசா எழுதி அதுவே கார்டு பண்ணிக்குது, கட்டுரைக்குள்ள போனா படமே இல்லாம நேரா தலைப்பு, முதல் பத்தி. பாக்கவும் நல்லா இருக்கு, சொல்லப் போனா கீபோர்டு ஃபோட்டோவை விட ரொம்ப நல்லா இருக்கு. நம்ம டீம்லயே ஒருத்தர் வேற வேலைக்கு நடுவுல பண்ணி முடிச்சுட்டார். இவ்வளவு தான் வேலை! இதுக்காடா இத்தனை மாசம்னு சந்தோஷத்தை விட கோவம் தான் வந்துச்சு. ஓடிப் போய் அந்த லாக் ஃபைல் குறிப்பு எழுதினவர்கிட்ட சொன்னேன், இப்போ போடலாமேன்னு. "அதெல்லாம் பழசாயிடுச்சு, விடுங்க"ன்னுட்டார். அவர் புதுசா எதுவும் எழுதற மாதிரியும் தெரியல.

அதனால நண்பா, மேல நான் புகழ்ந்தது எல்லாம் நிஜம், ஆனாலும் என்னைக் கேட்டா ரீடிசைன் பண்ணாதீங்க. வரி அகலம், எழுத்து கலர், தேதி, கோட் பிளாக், இதெல்லாம் இருக்கற தீம்லயே சிஎஸ்எஸ் (பக்கத்தோட தோற்றத்தை எழுதற மொழி) தெரிஞ்ச ஒருத்தர் உக்காந்தா முடியற வேலை. மிச்ச காசுக்கும் நேரத்துக்கும், உங்க கம்பெனில கடைசியா பிளாக் எழுதினவர் யாரு, அதுக்கு அப்புறம் ஏன் எழுதலன்னு போய் கேளுங்க. பிரிவியூ லிங்க் பிளகினை மட்டும் இன்னிக்கே போட்டுடுங்க. நாளைக்கு மூடு மாறினா வேற மாதிரி சொல்வேனோ என்னவோ, இன்னிக்கு இது தான்.

கேஷைப் பத்தி சொன்னேன்ல. வேர்ட்பிரஸ்ல ஷெட்யூல் பண்ணி வெச்ச போஸ்ட் நேரத்துக்கு அதுவா வெளிய வராது, யாராவது ஒருத்தர் தளத்துக்கு வந்து சர்வரைத் தட்டினா தான் அது முழிச்சுக்கிட்டு கடிகாரத்தைப் பாக்கும். எங்களுக்கு வர்றவங்களை எல்லாம் கேஷே வாசல்ல வெச்சு பக்கத்தைக் கொடுத்து அனுப்பிடுது, சர்வரை யாரும் தட்டறதில்ல. அதனால காலைல வரவேண்டிய போஸ்ட் மத்தியானம் வரும், சில நாள் சிகப்பு எழுத்துல "மிஸ்ட் ஷெட்யூல்"னு போட்டுட்டு அப்படியே நிக்கும். சர்வர்ல நிஜ கிரான் (குறிச்ச நேரத்துக்கு வேலையை தானா ஓட்டறது) ஒண்ணு போட்டு விட்டா தீர்ந்துச்சு, ஒரு வரி. அதுக்கும் ஒரு டிக்கெட் போட்டு வெச்சிருக்கோம், எஸ்டிமேட்டுக்கு வெயிட்டிங்.