சிங்கப்பூருக்கு 'டாலர் கார்டு' வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

ஒரு முறை குன்னூரிலிருந்து மகள் வீட்டுக்குச் சிங்கப்பூர் கிளம்பும் முன், ஊட்டியில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் பணம் மாற்றப் போனேன். "ரொக்கம் எதற்கு ஐயா? டாலர் கார்டு போட்டுத் தருகிறேன், அங்கேயும் டாலர்தானே!" என்றார். எனக்கும் சரியாகவே பட்டது. பணத்தை முன்கூட்டியே கட்டி, கார்டில் 1,000 டாலர் ஏற்றிக்கொண்டேன்.

அங்கே போன மூன்றாம் நாள் மருமகன் கணக்கைப் பார்த்துவிட்டு, "மாமா, இது அமெரிக்க டாலர்" என்றார். அப்போது அது ஏறத்தாழ 85 ரூபாய். சிங்கப்பூர் டாலரோ 66. ஒவ்வொரு முறை கார்டைத் தேய்க்கும்போதும் அமெரிக்க டாலரைச் சிங்கப்பூர் டாலராக மாற்றுவதற்கு 3.5 விழுக்காடு பிடித்திருக்கிறார்கள். 900 டாலர் செலவில் 31 டாலருக்கு மேல் காற்றோடு போனது. சிங்கப்பூர் டாலரையே ஏற்றித் தரும் கார்டுகள் இருக்கின்றன. டிராவல்ஸ்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதோடு விடவில்லை. அந்தக் கார்டே வேண்டாம் என்று என் மனைவி வங்கி கார்டை நீட்டினாள். 200 சிங்கப்பூர் டாலருக்கு ஒரு பெட்டி. கார்டு தேய்க்கும் மிஷின் திரையில் ரூபாயா, சிங்கப்பூர் டாலரா என்று கேள்வி வந்தது. கடைப்பெண் சிரித்தபடி தானே ரூபாயை அழுத்திவிட்டாள். நம் ஊர்ப் பணமாயிற்றே என்று என் மனைவிக்கும் மகிழ்ச்சி. பில் 14,000 ரூபாய், அதாவது டாலருக்கு 70! ரூபாயில் முடித்தால் டாலருக்கு எத்தனை ரூபாய் என்ற விலையைக் கடைக்காரரின் மிஷின் கம்பெனி வைக்கும். வெளிநாட்டில் ரூபாயில் கட்டியதற்கென்று எங்கள் வங்கி ஒரு விழுக்காடும் ஜிஎஸ்டியும் தனியாக எடுத்தது. சிங்கப்பூர் டாலரை அழுத்தினாலும் வங்கி தன் பங்கை விடாது, ஆனால் இந்த இரட்டை அடி விழாது. மிஷினை உங்கள் கையில் வாங்கி நீங்களே அழுத்துங்கள். ரூபாயில் பதிவாகிவிட்டால் கையெழுத்துக்கு முன்பே ரத்து செய்யச் சொல்லுங்கள்.

எல்லாம் சேர்த்து 3,600 ரூபாய்க்கு மேல் நஷ்டம். கிலோ இருபது ரூபாய்க்குப் பச்சைத் தேயிலை போடுகிற எனக்கு அது 180 கிலோ இலை.

ஊர் திரும்பியதும் டிராவல்ஸில் கேட்டேன். நான் கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுத்துக் காட்டினார். யுஎஸ்டி, அதாவது அமெரிக்க டாலர், என்று பொடி எழுத்தில் இருந்தது. மீதி டாலரை வாங்கின விலையைவிட இரண்டு ரூபாய் குறைத்தே திருப்பி எடுத்துக்கொண்டார்.