ஜப்பானிலிருந்து சிங்கப்பூருக்கு: இஎம்எஸ்ஸா, கூரியரா, கப்பலா?

மெர்காரி இணையச் சந்தையிலும் யாஹூ ஏலத்திலும் விற்கிற ஜப்பான்காரர்கள் பெரும்பாலும் உள்நாட்டுக்குள் மட்டும்தான் அனுப்புவார்கள். அதனால் பையீ, ஸென்மார்க்கெட் மாதிரி ஓர் இடைத்தரகர் நமக்கு வேண்டும். அவர்கள் வாங்கித் தங்கள் கிடங்கில் வைத்திருந்து, நாம் சொல்லும்போது அனுப்புவார்கள். எனக்குப் பழைய கேமரா லென்ஸ், பையனுக்கு குண்டம் (Gundam) ரோபோ பிளாஸ்டிக் மாடல் என்று சில வருடங்களாகவே இப்படித்தான் வரவழைக்கிறேன். எது மலிவு என்று நண்பர்கள் கேட்பார்கள். என்ன வாங்கினீர்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

லென்ஸ் சின்னது, ஆனால் நல்ல கனம். மாடல் பெட்டி பார்க்கத்தான் பெரிசு, தூக்கினால் ஒன்றுமே இருக்காது. ஜப்பான் அஞ்சலின் விரைவுச் சேவையான இஎம்எஸ், தராசு காட்டும் எடைக்குத்தான் காசு கேட்கும். டிஹெச்எல், ஃபெடெக்ஸ் கணக்கு வேறு. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். வருவது நிஜ எடையைவிடக் கூடுதல் என்றால் கூலி அதற்குத்தான். 50, 40, 30 அளவுள்ள பெட்டிக்கு 12 கிலோ. உள்ளே இருப்பது நாலு கிலோ மாடலாக இருந்தாலும் 12தான். அதனால் மாடல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இஎம்எஸ். லென்ஸுக்கு இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். அப்போது சீக்கிரம் வருகிற கூரியரையே எடுக்கிறேன்.

பல பொருளைச் சேர்த்து ஒரே பெட்டியாகக் கட்டச் சொன்னால் மிச்சம் என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் கட்டுவது நம் கையில் இல்லையே! ஒரு தடவை ஓர் இடைத்தரகர், இரண்டே இரண்டு லென்ஸை ரைஸ் குக்கர் வைக்கிற அளவு பெட்டியில் போட்டு, மீதி இடம் முழுக்கக் காகிதத்தைச் சுருட்டித் திணித்திருந்தார். அந்தக் காகிதத்துக்கும் சேர்த்துத்தான் கூரியர் கூலி கொடுத்தேன். இப்போதெல்லாம் கட்டி முடித்த அளவைக் காட்டிய பிறகே அனுப்பும் வழியைத் தேர்ந்தெடுக்கவிடும் சேவையாகப் பார்த்துப் போகிறேன்.

சேர்த்துக் கட்டுவதில் வரிச் சிக்கலும் உண்டு. இங்கே சிங்கப்பூரில் விமானத்திலோ அஞ்சலிலோ வரும் பொதிக்கு 400 வெள்ளி வரை இறக்குமதி ஜிஎஸ்டி கிடையாது. அந்த 400இல் அனுப்பும் கூலியும் காப்புறுதியும் அடக்கம். தனித்தனியாக வந்தால் தப்பிக்கிற இரண்டு 250 வெள்ளி லென்ஸ்கள் ஒரே பெட்டியில் வந்தால் 9 விழுக்காடு விழும். 2023 முதல் இங்கே பதிவுசெய்த வெளிநாட்டுத் தளங்கள் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு வாங்கும்போதே ஜிஎஸ்டி பிடித்துவிடுகின்றன. அப்படி வரி கட்டிய பொருள்களை ஒரே பெட்டியில் சேர்த்து எடுக்கிறீர்கள் என்றால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரே பொருளுக்கு இரண்டு தரம் வரி கட்ட வேண்டியிருக்கும்.

கப்பல் அஞ்சல்? கூலி குறைவுதான், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். பழைய புகைப்படப் பத்திரிகைகளுக்கு மட்டும் அதைப் போடுகிறேன். லென்ஸை அதில் அனுப்ப எனக்கு மனசு வராது. அத்தனை நாள் ஈரத்தில் கிடந்தால் பூஞ்சை பிடிக்குமோ என்ற பயம். அப்புறம், கேமராவோடு உதிரி லித்தியம் பேட்டரி வந்தால் இஎம்எஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். அதை எடுத்துவிடுமாறு கிடங்குக்கு முதலிலேயே எழுதிவிடுங்கள்.