நூறு கட்டம், 99 அத்தியாயம்

ஜார்ஜ் பெரெக்கின் 'வாழ்க்கை: பயன்படுத்தும் முறை' நாவலைப் பாதியில் மூடிவைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: சாமான் பட்டியல். சுவரில் என்ன படம், மேசையில் என்ன குப்பி, தரையில் என்ன விரிப்பு என்று வந்துகொண்டே இருக்கும். கதை எங்கே என்று கை தானாகப் பக்கத்தைத் தள்ளும். தள்ளக் கூடாது. அந்தச் சுவர்ப் படத்துக்குள்தான் ஒரு கொலையோ, ஓடிப்போன காதலோ, மூன்று தலைமுறைச் சொத்துத் தகராறோ ஒளிந்திருக்கிறது.

பிரெஞ்சில் 1978இல் வந்து மெதிசிஸ் பரிசு பெற்ற நாவல் இது. டேவிட் பெல்லோஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1987இல் வந்தது. பாரிஸில், பெரெக் கற்பனை செய்த ஒரு தெருவில், 11ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடம். அதன் முன்சுவரைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தால் எப்படி இருக்கும்? நேரம் 1975 ஜூன் 23, இரவு எட்டு மணி ஆகப்போகிறது. நாவல் முழுக்க அந்த ஒரே கணம்தான். மற்றதெல்லாம் அதிலிருந்து பின்னோக்கிப் போகும் கதைகள்.

கட்டடத்தைப் பத்துக்குப் பத்தாக நூறு கட்டங்களாகப் பிரித்து, சதுரங்கக் குதிரை தாவுவதுபோல ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறார் பெரெக். எந்தக் கட்டத்தையும் இரண்டாம் முறை மிதிப்பதில்லை. இந்தக் குதிரையோட்டம் நமக்குப் பழக்கமானதுதான். வேதாந்த தேசிகரின் சமஸ்கிருத நூலான பாதுகா சகஸ்ரத்தில் ஒரு சுலோகத்தின் 32 எழுத்துகளைக் கட்டங்களில் நிரப்பிக் குதிரை நடையில் படித்தால் அடுத்த சுலோகம் கிடைக்கும்.

ஆகவே, படிக்கும்போது பக்கத்தில் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று இருக்கட்டும். நூலிலேயே கட்டட வரைபடம் உண்டு. அதைப் பார்த்துப் பத்துக்குப் பத்து வரைந்து, ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் அதன் எண்ணைக் கட்டத்தில் எழுதுங்கள். ஐம்பது பக்கத்துக்கு முன்னால் வந்தவர் மேல்மாடி வேலைக்காரரா, மூன்றாம் மாடிக் குடித்தனக்காரரா என்ற குழப்பம் அதோடு தீரும். பின்னிணைப்பிலுள்ள பெயரடைவைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். காலவரிசையை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடிச்சுகளை அது அவிழ்த்துவிடும்.

அந்தப் பட்டியல்கள் வந்தவாக்கில் எழுதியவை அல்ல. ஒவ்வொரு அத்தியாயத்திலும் எந்தத் துணி, எந்தப் பானம், எந்த விலங்கு, எத்தனை ஆட்கள் என 42 கூறுகள் வர வேண்டுமென்று முன்கூட்டியே பங்கீடு செய்திருந்தார் பெரெக். ஒரே சேர்க்கை இருமுறை வராமலிருக்க அவர் எடுத்துக்கொண்டது பத்தாம் வரிசை கிரேக்க-லத்தீன் சதுரம்: பத்துக்குப் பத்துக் கட்டங்களில் இரண்டு வகைக் குறிகளை, வரிசையிலும் நெடுக்கிலும் எந்தக் குறியும், மொத்தத்தில் எந்த ஜோடியும் திரும்ப வராதபடி நிரப்பும் அமைப்பு. அப்படியொன்று இருக்கவே முடியாது என்று கணித மேதை ஆய்லர் கருதியிருந்தார். 1959இல் போஸ், ஸ்ரீகண்டே, பார்க்கர் ஆகியோர் அதைப் பொய்யாக்கினார்கள். முதல் இருவரும் இந்தியக் கணிதவியலாளர்கள். இவ்வளவு கறாரான சட்டத்துக்குள்ளிருந்து இத்தனை ஈரமான மனிதர்கள் வருகிறார்களே, அதுதான் இந்நூலின் அதிசயம்.

அவர்களில் தலையானவர் பார்ட்டில்பூத். பத்து வருடம் நீர்வண்ணம் கற்பது. இருபது வருடம் உலகம் சுற்றி, இரு வாரத்துக்கு ஒரு துறைமுகமாக 500 ஓவியம் தீட்டுவது. விங்க்லர் என்ற கைவினைஞர் ஒவ்வொன்றையும் 750 துண்டு ஜிக்சா புதிராக அறுத்துத் தருவார். அடுத்த இருபது வருடம் அவற்றைச் சேர்ப்பது. சேர்த்த ஓவியத்தைத் தீட்டிய துறைமுகத்துக்கே அனுப்பிச் சலவைக் கரைசலில் முக்கி வெள்ளைத்தாளாக்குவது. இதுதான் அவருடைய வாழ்க்கைத் திட்டம். புதிர்க் கலையைப் பற்றிய முன்னுரையை அவசரமாகத் தாண்டியவர்களுக்கு, அதே பகுதி 44ஆம் அத்தியாயத்தில் மறுபடி வரும். அப்போது அது விங்க்லரின் மிரட்டலாகவே ஒலிக்கும்.

51ஆம் அத்தியாயத்தில் நிதானியுங்கள். அங்கே மூன்று தொகுதிகளாக 179 வரிகள். ஒவ்வொன்றும், இடைவெளி உட்பட, சரியாக 60 எழுத்து. முதல் தொகுதியின் முதல் வரியில் கடைசி எழுத்து, இரண்டாம் வரியில் கடைசிக்கு முந்தையது என்று எண்ணிக்கொண்டே வந்தால் ஒரே எழுத்து சாய்வாக இறங்கும். மூன்று தொகுதிக்கு மூன்று எழுத்து. சேர்த்தால் பிரெஞ்சில் 'ஆன்மா' என்று பொருள்படும் சொல். பெல்லோஸ் ஆங்கிலத்தில் 'ஈகோ' என்ற சொல்லை இதேபோல ஓடவிட்டிருக்கிறார். அசாத்திய உழைப்பு! ஆனால் ஆன்மாவும் அகந்தையும் ஒன்றல்ல. அந்த இழப்பு இழப்புத்தான். அச்செழுத்துகளின் அகலம் மாறுவதால் சாய்கோடு கண்ணுக்குத் தெரியாது, விரலால் எண்ணித்தான் பார்க்க வேண்டும். மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகளே உடைந்துபோகும் என்பதால் அச்சுப் பிரதியே நல்லது.

65ஆம் அத்தியாய முடிவில் ஒரு தகர பிஸ்கட் டப்பா வரும். அதன் மூடியில் ஒரு சிறுமி பிஸ்கட்டின் மூலையைக் கடித்துக்கொண்டிருப்பாள். அங்கிருந்து 66க்குப் போகும் தாவல் குதிரைத் தாவலாக இருக்காது. கட்டடத்தின் இடது கீழ்மூலை, நிலவறைக் கட்டம், கடைசிவரை உங்கள் நோட்டில் வெள்ளையாகவே நிற்கும். எண் தவறிவிட்டதென்று முதலிலிருந்து எண்ண வேண்டாம். அவள் கடித்தது அந்த மூலையைத்தான்.