"இதுக்கு மேல வளராதுண்ணே": பேன்டம் கோழி வாங்கும் வேலூர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் வீட்டுக்குள் வளர்க்க பேன்டம் கோழி, அதாவது குட்டை இனக் கோழி தேடுகிறீர்களா? முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். ஒரே மாதிரி ஏமாற்று வேலை திரும்பத் திரும்ப நடக்கிறது.

சத்துவாச்சாரியில் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறோம். "ஒரிஜினல் மலேசியா செராமா ஜோடி, முழுசா வளர்ந்தாலும் அரைக் கிலோதான்" என்று வாட்ஸ்அப்பில் படம் வந்தது. செராமா என்பது பேன்டத்திலேயே மிகச் சிறிய இனம். மார்பை நிமிர்த்திக்கொண்டு, வாலைத் தலைவரை தூக்கி நிற்கும் அழகான சேவல் படம். விலை 3,500 ரூபாய். ஜிபேயில் பணம் போனது, பஸ் பார்சலில் அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே மஞ்சள் நிறத்தில் இரண்டு குஞ்சுகள். நான்காவது மாதம் எடை போட்டால் ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். ஜோடி என்று கொடுத்தது இரண்டுமே சேவல். விடியற்காலை நாலு மணிக்கு ஒன்று கூவ, மற்றது பதில் கூவ, வீட்டு ஓனர் காலி செய்யச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டது. விற்ற ஆளுக்குப் போன் செய்தால் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார். மடியில் உட்கார்ந்து பழகிய கோழியைக் கறிக்கடைக்குக் கொடுக்க அந்த வீட்டுப் பிள்ளைக்கு மனசு வருமா?

அவை செராமாவே இல்லை, லேயர் (முட்டைக்கோழி) இனத்துச் சேவல் குஞ்சுகள். முட்டைக்கோழிப் பண்ணைக்குப் பெட்டை மட்டும்தான் வேண்டும். பொரிப்பகத்தில் பாதிக்குப் பாதி பொரியும் சேவல் குஞ்சுக்கு அங்கே மதிப்பில்லை, அள்ளிக் கொடுப்பதுபோல மலிவாக வெளியே போகும். தெருவில் கூடையில் வைத்து ரோஸ், பச்சை என்று சாயம் போட்டு விற்பதும் பெரும்பாலும் இதுதான். அதே குஞ்சுக்கு "செராமா", "மினி பேன்டம்" என்று பெயர் வைத்தால் விலை நூறு மடங்கு ஏறிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு டிஜிட்டல் தராசு போதும். பொரிந்த அன்று குஞ்சின் எடை, முட்டை எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். லேயர் முட்டை 55 முதல் 60 கிராம், அதிலிருந்து வரும் குஞ்சு 36 முதல் 40 கிராம். பேன்டம் முட்டை 30 முதல் 35 கிராம், குஞ்சு 20 முதல் 23 கிராம். செராமா முட்டை இன்னும் சிறியது, குஞ்சும் 20 கிராமுக்குள்தான் நிற்கும். ஆகவே ஒருநாள் குஞ்சு என்று சொல்லி உங்கள் கையில் வைப்பது 35 கிராம் காட்டினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வீடியோ காலில் பேசுகிறவரிடம் "தராசுல வச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். நேர்மையான வளர்ப்பாளர் உடனே வைத்துக் காட்டுவார். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

சாயக் குஞ்சைக் கண்டுபிடிக்க இறக்கையை மெல்ல விரித்துப் பாருங்கள். நுனியில் ரோஸ் நிறம் இருக்கும், அடியில் புதிதாக முளைக்கும் இறகு வெள்ளையாகவோ பழுப்பாகவோ வரும். தோலிலும் ஆசனவாய் ஓரத்திலும் சாயம் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும்.

இன்னொரு வகை ஏமாற்று, தராசுக்கும் எளிதில் பிடிபடாது. நம் ஊர்ச் சிறுவிடைக் கோழியைப் பேன்டம் என்று விற்பது. சிறுவிடை நல்ல கோழி, நம் வெயிலைத் தாங்கும், குஞ்சைப் பார்த்துக்கொள்வதில் அதற்கு ஈடு கிடையாது. அதன் குஞ்சு 27, 28 கிராம் வாக்கில் இருப்பதால் பேன்டத்துக்கு அருகில் வந்துவிடும். ஆனால் வளர்ந்தால் பெட்டை ஒரு கிலோவைத் தாண்டும், சேவல் அதற்கும் மேல். நாட்டுக்கோழி விலைக்குக் கிடைப்பதை ஃபேன்சி விலைக்கு வாங்குவது உங்கள் பணத்துக்கு நஷ்டம். இதற்கு ஒரே வழி, தாய் தகப்பனை நேரில் பார்த்து எடை போடுவது. செராமா என்றால் தாய் தகப்பன் அரைக் கிலோவுக்குள் இருக்க வேண்டும். செபரைட், ஜப்பானிய பேன்டம் போன்ற மற்றக் குட்டை இனங்கள் எல்லாம் அரை முதல் முக்கால் கிலோ. "தாய்க்கோழி ஊர்ல இருக்கு, சென்னைல இருக்கு" என்றால் வாங்காதீர்கள்.

பட்டு மாதிரி இறகுள்ள சில்கி கேட்டு வருகிறவர்களுக்குக் கருங்கோழியான கடக்நாத் குஞ்சைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. இரண்டுக்கும் தோல் கறுப்பு, அதனால் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். காலைத் தூக்கி விரல்களை எண்ணுங்கள். சில்கிக்கு ஐந்து விரல், கடக்நாத்துக்கு நான்கு. சில்கியைச் சாதாரணக் கோழியோடு கலந்தால் முதல் தலைமுறையில் பட்டு இறகு வராது, ஐந்தாவது விரல் மட்டும் வரும். அதனால் "வளர வளர பட்டாயிடும்" என்ற பேச்சை நம்பவே நம்பாதீர்கள். இன்னொன்று: சில்கி எல்லாமே குட்டைக் கோழி கிடையாது, ஒரு கிலோவுக்கு மேல் வளரும் வகையும் நிறைய விற்கிறார்கள்.

"ஜோடி" என்ற சொல்லில்தான் அதிகப் பணம் போகிறது. ஒருநாள் குஞ்சின் ஆசனவாயைப் பார்த்து ஆண் பெண் பிரிப்பது பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை. தெருவில் விற்பவர் சொல்வது குத்துமதிப்புத்தான். பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் கொண்டையும் தாடியும் சிவந்து பெருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சில்கியில் ஐந்தாறு மாதம்கூட ஆகும். செபரைட்டில் வேறு சிக்கல்: அந்த இனத்துச் சேவலுக்கு நீண்டு வளைந்த வால் இறகும் கூரான கழுத்து இறகும் இருக்காது, பெட்டை மாதிரியே இறகு. கொண்டை அளவையும் காலில் முள் எழும்பும் இடத்தையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். பெட்டைதான் வேண்டும் என்றால் மூன்று மாதம் (சில்கி என்றால் ஐந்தாறு மாதம்) ஆன கோழியாக வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு. "பேன்டம் சேவல் கூவாது" என்பது சுத்தப் பொய். மூன்று நான்கு மாதத்தில் கூவத் தொடங்கும், குரல் சன்னமாக இருந்தாலும் சுவர் தாண்டிக் கேட்கும். கூவாமல் இருக்கக் கழுத்தில் கட்டும் பட்டையையும் சிலர் கூடவே விற்கிறார்கள். அது மூச்சை அடைத்துக் கொன்றுவிடக்கூடும், தயவுசெய்து வாங்காதீர்கள்.

"எல்லா ஊசியும் போட்டாச்சு" என்றால் என்ன ஊசி, என்ன தேதி என்று கேளுங்கள். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கு முதல் வாரம் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து, நான்காவது வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. பத்து நாள் குஞ்சுக்கு "எல்லாம் முடிஞ்சுது" என்று சொன்னால் அது பொய் என்று இதிலேயே தெரிந்துவிடும். நரம்பைத் தாக்கிக் காலை முடக்கும் மேரக்ஸ் நோய்க்கான ஊசி பொரிந்த அன்றே பொரிப்பகத்தில் போட வேண்டியது, வீட்டுக்கு வந்தபிறகு போட்டுப் பெரிய பலனில்லை. சில்கிக்கும் செபரைட்டுக்கும் இந்த நோய் சீக்கிரம் தொற்றும். ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீட்டிக்கொண்டு படுத்துவிட்டால் பெரும்பாலும் இதுதான், காப்பாற்றுவது கடினம்.

தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒரு குப்பியில் நிறையக் கோழிக்குப் போதுமான மருந்து இருப்பதால் தனியாக வாங்குவது வீண். அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கோழிகளுக்குப் போடும் நாளைக் கேட்டு, கூடையில் எடுத்துப் போங்கள். வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து நம் ராணிப்பேட்டையிலேயே தயாராகிறது, 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில். அப்படியிருக்க, தேதியே தெரியாத ஊசிக்குக் குஞ்சுக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கவே வேண்டாம்.

வாங்கும்போது மூக்கில் நீர், கண்ணோரம் நுரை, மூச்சில் கரகர சத்தம், ஆசனவாயில் ஒட்டிக் காய்ந்த எச்சம் இருக்கிறதா பாருங்கள். காலில் எண்ணெய் பளபளத்தால் துடைத்துவிட்டுச் செதிலைப் பாருங்கள். செதில் தூக்கிக்கொண்டு வெள்ளைப் பொடி தெரிந்தால் உள்ளே சிற்றுண்ணி இருக்கிறது, எண்ணெய் அதை மறைக்கத் தடவியது. வீட்டில் ஏற்கெனவே கோழி இருந்தால் புதியதை மூன்று வாரமாவது தனி அறையில் வையுங்கள்.

அடுத்து, வீட்டுக்குள் வளர்ப்பது பற்றி விற்பவர்கள் அளக்கும் கதை. "பழக்கிட்டா பாத்ரூம்லதான் மேடம் போகும்" என்கிறார்கள். கோழியால் எச்சத்தை அடக்கிவைத்துக் குறித்த இடத்தில் போக முடியாது. அரை மணிக்கு ஒருமுறை போய்க்கொண்டே இருக்கும். நாளுக்குச் சில தடவை பழுப்பாக, பிசுபிசுவென்று, வீச்சமாக வேறுவகை எச்சமும் வரும். அது நோய் இல்லை, குடல் வேலை. கோழி டயப்பர் மாட்டினால் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இரவில் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடிவயிறு வெந்து புண்ணாகும். நாள் முழுக்க வீட்டில் ஆள் இல்லாதவர்கள் டயப்பரை நம்பி வாங்காதீர்கள். பால்கனியில் உமியோ மரத்தூளோ மூன்று அங்குலம் பரப்பிய கூண்டு வைத்து, ஆள் இருக்கும்போது மட்டும் உள்ளே விடுங்கள். படுக்கை ஈரமானால் ரத்தக்கழிச்சல் வரும், ஈரம் பட்ட இடத்தை அன்றன்றே மாற்றுங்கள். ஒற்றைக் கோழியும் வேண்டாம், துணையில்லாமல் கத்திக்கொண்டே இருக்கும். இரண்டு பெட்டை சரியாக இருக்கும்.

குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் "புரூடர் செட்" என்று பிளாஸ்டிக் டப்பாவும் 100 வாட் பல்பும் தனியாகத் தள்ளிவிடுவார்கள். முதல் வாரம் குஞ்சுக்கு 33 முதல் 35 டிகிரி வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். நம் ஊர் கத்திரி வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும்போது மூடிய டப்பாவில் பல்பையும் போட்டால் குஞ்சு வெந்து செத்துவிடும். பகலில் பல்பே வேண்டாம், காற்றும் தண்ணீரும்தான் வேண்டும். மார்கழி ராத்திரிக்கு 60 வாட் பல்பு, டப்பாவின் ஒரு மூலையில் மட்டும். குஞ்சு பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், வாயைத் திறந்து ஓரத்தில் ஒதுங்கினால் சூடு. டப்பாவின் அடியில் செய்தித்தாளோ வெறும் டைல்ஸோ கூடாது, வழுக்கிக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துவிடும். சாக்குத்துணி விரியுங்கள். விரிந்துவிட்டால் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் இரு கால்களையும் இயல்பான இடைவெளியில் மருந்து டேப்பால் இணைத்துக் கட்டினால் பெரும்பாலும் சரியாகும். நாள் கடந்தால் கஷ்டம்.

"பேன்டம் ஸ்பெஷல் தீவனம்" என்று பெயர் ஒட்டாத பையில் விற்பதைப் பிரித்துப் பார்த்தால் கம்பும் நொய்யும் கலந்தது, அல்லது பிராய்லர் தீவனம். இதற்கு மூன்று மடங்கு விலை. குஞ்சுக்கு 20 சதவீதம் புரதம் உள்ள சிக் ஸ்டார்ட்டர் (குஞ்சுத் தீவனம்) போதும். லேயர் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடாதீர்கள், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். வளர்ந்த பேன்டம் ஒரு நாளைக்கு 40 முதல் 60 கிராம்தான் தின்னும், மாதத்துக்கு இரண்டு கிலோவுக்குள் முடிந்துவிடும். மூட்டையாக வாங்கி வைத்துப் பூஞ்சை பிடிக்க விடாதீர்கள். நான்ஸ்டிக் பாத்திரம் அடுப்பில் காய்ந்தால் வரும் புகை பறவைகளைக் கொல்லும், சமையலறைப் பக்கம் கூண்டு வேண்டாம். எச்சம் பட்ட கையைக் குழந்தைகள் வாயில் வைத்தால் சால்மோனெல்லா தொற்றும், தொட்டபின் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பேச்சுவார்த்தை, போட்டோ, பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து, அதிலேயே தராசில் வைத்த எடையும் தெரியும்படி வையுங்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. கடையில் வாங்கியிருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே முதலில் கேட்பது பில். அதனால் கோழி வாங்கும்போதே இனம், வயது, ஆண் பெண், எடை நான்கையும் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.