கிட்ஹப் பேஜஸில் போர்ட்ஃபோலியோ: சொந்த டொமைனோடு சில வருடங்கள்

"போர்ட்ஃபோலியோவுக்கு கிட்ஹப் பேஜஸ் போதுமாண்ணா? டொமைன் வாங்கியே ஆகணுமா?" என்று வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். வாட்ஸாப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். கிட்ஹப் பேஜஸ் என்பது கிட்ஹப் ரெப்போவில் (நிரல் கோப்புகளை வைக்கும் இடத்தில்) இருக்கும் பக்கங்களை இலவசமாக இணையதளமாக வெளியிடும் சேவை; போர்ட்ஃபோலியோ என்பது நாம் செய்த வேலைகளைக் காட்டும் தளம். ரெப்போ திறப்பது, புஷ் செய்வது, பயனர்பெயரோடு ‘கிட்ஹப் டாட் ஐஓ’ சேர்ந்த முகவரி இலவசமாகக் கிடைப்பது ஆகியவை தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எரிச்சலிலிருந்தே தொடங்குகிறேன், இத்தனை வருடமாகியும் அது தீரவில்லை. ரெப்போவின் செட்டிங்ஸில் சொந்த டொமைனை (நாம் வாங்கிய இணைய முகவரியை) எழுதிச் சேமிக்கிறோம். பிரான்ச்சிலிருந்து (ரெப்போவின் ஒரு கிளையிலிருந்து) வெளியாகும் தளம் என்றால் அப்போது பின்னால் ஒரு கமிட், அதாவது மாற்றப் பதிவு, நடக்கிறது. அந்தப் பிரான்ச்சில் ‘சிநேம்’ (CNAME) என்ற பெயரில் ஒற்றை வரிக் கோப்பு உருவாகிறது. டொமைனையும் தளத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கும் முடிச்சு அந்தக் கோப்புதான். வைட், ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளின் பக்கம் இருப்பவர்கள் பலரும் ‘ஜிஎச்-பேஜஸ்’ என்ற என்பிஎம் கருவியால் டெப்ளாய் செய்வார்கள், அதாவது தளத்தை வெளியிடுவார்கள். அது பிரான்ச்சில் இருந்ததைத் துடைத்துவிட்டு, பில்ட் (மூல நிரலைத் தளக் கோப்புகளாக மாற்றும் வேலை) உருவாக்கிய ‘டிஸ்ட்’ ஃபோல்டரில் இருப்பதைக் கொண்டுபோய் வைக்கும். டிஸ்டில் சிநேம் கோப்பு கிடையாது. ஆக, டொமைனை இணைத்த அன்று எல்லாம் சரியாக ஓடும். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி அடுத்த முறை டெப்ளாய் செய்ததும் டொமைன் கழன்றுவிடும். டெர்மினல் ‘பப்ளிஷ்ட்’ என்கிறது, பில்டில் பச்சை டிக் இருக்கிறது, டொமைனைத் திறந்தால் 404, அதாவது ‘பக்கம் இல்லை’ என்ற பிழை. எந்தப் பக்கத்திலிருந்தும் எச்சரிக்கை வராது. ரெஸ்யூமேயில் அந்த லிங்க்கைப் போட்டு இருபது இடத்துக்கு அனுப்பியவருக்கு இது தெரியவே தெரியாது.

தீர்வு சின்னது. சிநேம் கோப்பை நாமே உருவாக்கி, பில்ட் ஆகும்போது அப்படியே நகலாகும் ஃபோல்டரில் வைக்க வேண்டும். தளம் தயாரிக்கும் கருவியைப் பொறுத்து அதன் பெயர் மாறும்: வைட், ஆஸ்ட்ரோ இரண்டிலும் அது ‘பப்ளிக்’, ஹ்யூகோவில் ‘ஸ்டாட்டிக்’, ஜெகில் என்றால் ரெப்போவின் வேரிலேயே. கோப்பின் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில், பின்னொட்டு இல்லாமல். உள்ளே டொமைன் மட்டும். முன்னால் எச்டிடிபிஎஸ் வேண்டாம், கடைசியில் சாய்கோடு வேண்டாம். நோட்பேடில் சேமித்தால் பெயரின் கடைசியில் ‘டிஎக்ஸ்டி’ என்ற பின்னொட்டு ஒட்டிக்கொள்ளும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட நல்ல வழி, செட்டிங்ஸில் வெளியிடும் மூலத்தைப் பிரான்ச்சிலிருந்து ‘கிட்ஹப் ஆக்ஷன்ஸ்’ (புஷ் செய்ததும் பில்ட், டெப்ளாய் வேலைகளைத் தானாகச் செய்யும் வசதி) என்று மாற்றிவிடுவது. அதன்பின் சிநேம் கோப்பையே கிட்ஹப் பார்ப்பதில்லை, டொமைன் செட்டிங்ஸில் மட்டும் இருக்கும், டெப்ளாய் அதைத் தொடாது. அந்த வேலைகளை வரிசையாகச் சொல்லும் வொர்க்ஃப்ளோ கோப்பில் செக்அவுட், நோட் அமைப்பு, ‘என்பிஎம் சிஐ’, பில்ட், ஆர்ட்டிஃபேக்ட் அப்லோட், டெப்ளாய் என்று ஆறு படி. அனுமதிப் பகுதியில் ‘பேஜஸ்’, ‘ஐடி-டோக்கன்’ இரண்டுக்கும் ‘ரைட்’ கொடுக்க வேண்டும். இந்த இரண்டு அனுமதிகளில் ஒன்று விட்டுப்போனாலும் பில்ட் நன்றாக முடிந்து கடைசிப் படியில் விழும்.

டொமைன் கழன்று கிடக்கும் நேரத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, அதுதான் என்னைக் கோபப்படுத்துவது. டிஎன்எஸ் (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவேடு) இன்னமும் கிட்ஹப் சர்வரைக் காட்டிக்கொண்டிருக்கும், ஆனால் அந்த டொமைனுக்கு உரிமை கோரும் ரெப்போ எதுவும் இல்லை. வேறு யாரோ ஒருவர் தன் ரெப்போவில் உங்கள் டொமைனை எழுதினால், உங்கள் முகவரியில் அவருடைய பக்கம் திறக்கும். இதைத் தடுக்க டொமைனைச் சரிபார்க்கும் வசதி கொடுத்திருக்கிறார்கள். ரெப்போ செட்டிங்ஸில் தேடாதீர்கள், கணக்கின் செட்டிங்ஸில் பேஜஸ் பகுதியில் இருக்கிறது. அங்கே தரும் ‘டிஎக்ஸ்டி’ வகைப் பதிவை (இது கோப்பு இல்லை) டிஎன்எஸ்ஸில் சேர்த்துவிட்டு, சரிபார்த்த பிறகும் அழிக்காமல் விட வேண்டும். நட்சத்திரக் குறி போட்டு எல்லாத் துணை டொமைன்களையும் கிட்ஹப்புக்குத் திருப்பும் பதிவு கூடவே கூடாது, சரிபார்த்த டொமைனாக இருந்தாலும். இவ்வளவு முக்கியமான ஒன்றை டொமைன் எழுதும் பெட்டிக்கு அருகிலேயே கட்டாயமாக்கி வைத்திருக்கலாம்.

டிஎன்எஸ் பற்றிச் சுருக்கமாக. மூல டொமைனுக்கு, சர்வரின் ஐபி எண்ணைக் காட்டும் நான்கு ‘ஏ’ பதிவுகள்: 185.199.108.153, பிறகு மூன்றாம் எண் மட்டும் 109, 110, 111 என்று மாறும். ‘டபிள்யூ’ மூன்றோடு வரும் முகவரிக்கு ஒரு சிநேம் பதிவு (மேலே சொன்ன கோப்பு இல்லை, டிஎன்எஸ் பதிவு), அது உங்கள் கிட்ஹப் டாட் ஐஓ முகவரியைக் காட்ட வேண்டும். ரெப்போ பெயரைச் சேர்க்கக் கூடாது. டொமைன் விற்றவர் முன்பே போட்டுவைத்திருக்கும் ‘பார்க்கிங்’ பதிவை நீக்க மறந்தால், தளம் ஒருமுறை திறக்கும், மறுமுறை விளம்பரப் பக்கம் வரும், எச்டிடிபிஎஸ் சான்றிதழும் கிடைக்காது. சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு தருகிறது. யார் சான்றிதழ் தரலாம் என்று கட்டுப்படுத்தும் ‘சிஏஏ’ பதிவு வைத்திருந்தால் அதில் அவர்களுக்கு அனுமதி இருக்க வேண்டும். ‘எச்டிடிபிஎஸ் கட்டாயம்’ பெட்டி சாம்பல் நிறத்திலேயே இருந்தால் 24 மணி நேரம் வரை பொறுங்கள். அதற்குமேலும் அசையவில்லை என்றால் டொமைனை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்த்தால் சான்றிதழ் வேலை மறுபடி தொடங்கும்.

மற்ற தொல்லைகள் முதல் வாரத்தோடு தீர்ந்துவிடும். பக்கம் வெள்ளையாகத் திறக்கிறதா? தனி டொமைன் இல்லாத புராஜெக்ட் தளம் (பயனர்பெயர் ரெப்போ அல்லாத மற்ற ரெப்போவின் தளம்) ரெப்போ பெயருக்குக் கீழே வெளியாகிறது, வைட் கான்ஃபிகில் ‘பேஸ்’ மதிப்பில் அந்தப் பெயரை முன்னும் பின்னும் சாய்கோட்டோடு எழுதவில்லை. படம் லேப்டாப்பில் தெரிகிறது, தளத்தில் தெரியவில்லையா? கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருக்கிறது. விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, சர்வர் விடாது. பிரான்ச்சிலிருந்து வெளியிடும்போது அடிக்கோட்டில் தொடங்கும் ஃபோல்டர்கள் காணாமல் போகின்றனவா? நடுவில் ஜெகில் ஓடி அவற்றை ஒதுக்கியிருக்கும். வேரில் ‘டாட் நோஜெகில்’ என்று ஒரு வெற்றுக் கோப்பு வைத்தால் போதும்.

பக்கங்களைப் பிரவுசருக்குள்ளேயே மாற்றிக் காட்டும் ரியாக்ட் ரவுட்டர் மட்டும் தனி. முகப்பிலிருந்து உள்பக்கத்துக்குப் போனால் திறக்கும், அதே பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் 404. சர்வரில் அப்படி ஒரு கோப்பே இல்லாதது காரணம். முகப்புப் பக்கத்தை 404 பக்கமாக நகலெடுத்து வைக்கும் உத்தி பரவலாக இருக்கிறது. கண்ணுக்குப் பக்கம் தெரியும், ஆனால் சர்வர் திருப்பி அனுப்பும் நிலை எண் 404தான். தேடுபொறி அந்தப் பக்கத்தைச் சேர்க்காது, லிங்க்கை அனுப்பும்போது வரும் முன்னோட்டமும் நம்பகமாக வராது. நான்கு பக்கம் உள்ள போர்ட்ஃபோலியோவுக்கு ரவுட்டரே தேவையில்லை. ஆஸ்ட்ரோவில் நான்கு நிஜமான பக்கங்களாகப் பில்ட் செய்யுங்கள்.

இனி மனம் நிறைந்து பாராட்ட வேண்டியது. இந்தத் தளம் விழுவதில்லை. 2008இலிருந்து இருக்கும் சேவை. ஒருமுறை வைத்த எச்டிஎம்எல் பக்கம் யாரும் தொடாமலே வருடக்கணக்கில் அப்படியே திறக்கிறது. தளத்துக்கு 1 ஜிபி, மாதத்துக்கு 100 ஜிபி போக்குவரத்து என்ற வரம்புகள் இருக்கின்றன, போர்ட்ஃபோலியோ அவற்றின் பக்கத்தில்கூடப் போகாது. இதன் அருமை புரிய மற்ற இலவச ஹோஸ்டிங், டேட்டாபேஸ் சேவைகளுக்கு நடந்ததைப் பார்க்க வேண்டும். ஹெரோக்கு தன் இலவசத் திட்டத்தை 2022 நவம்பர் 28இல் நிறுத்தியது. அதை நம்பியிருந்த எத்தனையோ போர்ட்ஃபோலியோக்களின் ‘லைவ் டெமோ’ பொத்தான்கள் செத்துப்போயின. கிளிட்ச் 2025 ஜூலையில் ஹோஸ்டிங்கை மூடியது. ரெண்டரின் இலவச சர்வர் 15 நிமிடம் யாரும் வராவிட்டால் தூங்கப்போய்விடும், எழுந்துவர ஒரு நிமிடம் வரை ஆகும். சூப்பாபேஸின் இலவச டேட்டாபேஸ் ஒரு வாரம் பயன்படுத்தாமல் விட்டால் நிறுத்திவைக்கப்படும். நேர்காணல் எடுப்பவர் அந்த ஒரு நிமிடம் காத்திருக்க மாட்டார், டேபை மூடிவிட்டு அடுத்த ரெஸ்யூமேக்குப் போவார்.

அதனால் டெமோவையும் பேஜஸிலேயே ஓடும்படி செய்வதற்கு மெனக்கெடுங்கள், போர்ட்ஃபோலியோவில் செலவிடும் நேரத்தில் பாதி இதற்குப் போகட்டும். எஸ்கியூலைட் டேட்டாபேஸை எஸ்கியூஎல் டாட் ஜேஎஸ் மூலம் பிரவுசருக்குள்ளேயே ஓட்டலாம். பைத்தான் கணக்குகளுக்குப் பையோடைட் இருக்கிறது. ஏபிஐயிலிருந்து (வேறு சேவையின் தரவை நிரல் வழியே வாங்கும் வழி) வரும் தரவு அடிக்கடி மாறாதது என்றால், ஆக்ஷன்ஸில் நேரம் குறித்து ஓடும் வேலை ஒன்று நாளுக்கு ஒருமுறை அதை எடுத்து ஜேசான் கோப்பாகப் பில்டில் சேர்த்துவிடட்டும். ஸ்பிரிங் பூட்டில் சர்வர் பக்க நிரல் எழுதுபவர்களுக்கு ‘எங்கள் வேலையில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது’ என்ற தயக்கம் உண்டு. நிறையவே இருக்கிறது: ஏபிஐயை விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ விவரக்குறிப்பை ஸ்வாகர் யூஐ என்ற கருவியால் பக்கமாக வெளியிடலாம், டெஸ்ட் கவரேஜ் அறிக்கையை ஒவ்வொரு புஷ்ஷுக்கும் புதுப்பித்து வைக்கலாம், ரெப்போவின் விளக்கக் கோப்பான ரீட்மியில், டாக்கர் கம்போஸ் மூலம் எல்லாம் ஒரே கட்டளையில் எழும்படி எழுதலாம். அதோடு ஒன்றரை நிமிடத் திரைப்பதிவு ஒன்று. சர்வர் படுத்தாலும் அந்த வீடியோ பேசும்.

எது காட்டத் தகுந்தது என்பதும் இங்கேதான் வருகிறது. ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கிய நூலக மேலாண்மை, வருகைப்பதிவு மென்பொருள்களை வைக்காதீர்கள். அதே நிரல் பத்துப் பேர் ரெப்போவில் இருக்கும், கமிட் வரலாறு ஒரே நாளில் ‘ஃபர்ஸ்ட் கமிட்’ என்று முடிந்திருக்கும். உங்கள் தெருவில் இருக்கும் கடைக்கு எழுதிய சின்ன பில்லிங் நிரல், ஏன் அந்த டேபிளை அப்படிப் பிரித்தீர்கள் என்ற நான்கு வரியோடு இருந்தால், அதைவிட நிறையச் சொல்லும். ப்ரொஃபைலில் ஆறு ரெப்போ பின் செய்யலாம். உருப்படியாக மூன்று இருந்தால் மூன்றோடு நிறுத்துங்கள். கமிட் செய்த நாட்களைக் காட்டும் பச்சைக் கட்டங்கள் காலியாக இருக்கின்றன என்று வருந்துபவர்கள் முதலில் கிட் கான்ஃபிகில் இருக்கும் மின்னஞ்சல், உங்கள் கிட்ஹப் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கமிட் உங்கள் பெயரில் எண்ணப்படாது.

இரண்டு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். வைட்டில் ‘வைட்’ என்ற முன்னொட்டோடு எழுதும் என்விரான்மென்ட் மாறிகள் அப்படியே பண்டிலுக்குள் (பிரவுசருக்குப் போகும் கோப்புக்குள்) போகின்றன, அதில் வைக்கும் ஏபிஐ சாவியை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தவறிப் புஷ் ஆகிவிட்டால் கோப்பை அழிப்பதால் பயனில்லை, வரலாற்றில் இருக்கும். முதலில் சாவியை ரத்து செய்யுங்கள். இன்னொன்று ரெஸ்யூமே பிடிஎஃப். நம் ஊர் ரெஸ்யூமேயின் கடைசியில் அப்பா பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, உறுதிமொழி, கையெழுத்து எல்லாம் இருக்கும். பொது ரெப்போவில் அதை ஒருமுறை ஏற்றினால் கிட் வரலாற்றிலிருந்து எடுப்பது பெரும்பாடு. தளத்துக்கென்று தனிப் பிரதி தயார் செய்து, மின்னஞ்சலும் லிங்க்ட்இன்னும் மட்டும் விடுங்கள். தொடர்புப் படிவம் வேண்டாம், பின்னால் சர்வர் இல்லாத இடத்தில் அதற்காக மூன்றாவது ஒரு சேவையை நம்ப வேண்டிவரும்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். இத்தனை வருடம் விழாமல் நிற்கும் இலவச சேவைக்கு மூன்றுதானா என்றால், ஆமாம். ஒற்றை வரிக் கோப்பு காணாமல் போனால் ஒரு மின்னஞ்சல் அனுப்பத் தெரியாத இடத்துக்கு இப்போதைக்கு அவ்வளவுதான். ஆனாலும் வேறு இடத்துக்கு மாறப்போவதில்லை.

தம்பிக்குப் பதில்: பேஜஸ் போதும், டொமைன் வாங்காதே. முதல் வருடம் சலுகை விலை, அடுத்த வருடம் முழு விலை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. உன் முதன்மைத் தளத்துக்கு டொமைனை இணைத்ததும், தனி டொமைன் வைக்காத மற்ற புராஜெக்ட் தளங்களும் அதன்கீழ் போய்விடும், கிட்ஹப் டாட் ஐஓ முகவரிகள் எல்லாம் அந்த டொமைனுக்கே திருப்பிவிடும். ஒரு வருடம் புதுப்பிக்க மறந்தால் போர்ட்ஃபோலியோ, டெமோக்கள் அத்தனையும் ஒன்றாக விழும். காலாவதியான டொமைனை வேறு ஆள் வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட்டால், நீ ஏற்கெனவே அனுப்பிய ரெஸ்யூமேக்கள் எல்லாம் அங்கே கொண்டுபோய் விடும். இலவச முகவரியில் இந்தக் கவலை கிடையாது. பயனர்பெயரை மட்டும் இப்போதே யோசித்து வை: ரெஸ்யூமேயில் எழுதும் அதே எழுத்துக்கூட்டல், இனிஷியல், பிறந்த வருடம் ஒட்டாமல். பின்னால் பெயரை மாற்றினால் ரெப்போ லிங்க்குகள் புதிய பெயருக்குத் திரும்பும், பேஜஸ் முகவரி திரும்பாது.