நீர்ப்பையா, ஈயக்குண்டுப் பையா?

வேக்போர்டில் (படகு கயிற்றால் இழுத்துச் செல்லும் பலகை) செல்பவருக்குப் படகின் பின்னால் உயரமான அலை கிடைக்க வேண்டுமானால் படகு நீரில் இன்னும் ஆழமாக அமிழ வேண்டும்; அதற்காகப் படகில் கூடுதல் எடை ஏற்றுவார்கள். ஈயக்குண்டுகள் நிரப்பிய 20 கிலோ பை ஏறத்தாழ 3 லிட்டர் இடத்திலேயே அடங்கிவிடுவதால், அதை இருக்கைக்கு அடியில் செருகி, படகு சாயும் பக்கத்திற்கு எதிர்ப்பக்கம் நகர்த்திச் சமன்செய்யலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் சுமந்து இறக்க வேண்டும். 200 லிட்டர் நீர்ப்பையோ ஏரியிலிருந்தே பம்பு மூலம் நிரம்பி 200 கிலோ எடை தரும், கரையேறுமுன் காலியாகிவிடும். அரைகுறையாக நிரப்பினால் மட்டும், திருப்பத்தில் உள்ளிருக்கும் நீர் ஒருபுறம் பாய்ந்து படகைச் சாய்த்துவிடும்.

சிறிய படகுக்கு நான் நீர்ப்பையையே பரிந்துரைப்பேன். ஏனெனில் படகுக்குள் வெள்ளம் புகுந்தால், மூழ்கிய நீர்ப்பை படகைக் கீழே இழுக்காது, ஈயமோ இழுக்கும். எதை ஏற்றினாலும், ஆட்களையும் சேர்த்து மொத்த எடை, படகின் கொள்திறன் தகட்டிலுள்ள (ஏற்றக்கூடிய அதிகபட்ச எடையைக் குறிக்கும் தகடு) வரம்பை மீறவே கூடாது.