மூன்று குழாய் ஓவர்ஃப்ளோ பெட்டி: வாங்கலாமா?

ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது லைட்டைப் பற்றி. அடுத்தது ஸ்கிம்மர், தண்ணீரின் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி. குழாய் வேலை கடைசியில்தான் பேச்சுக்கு வரும். எனக்கு இந்த வரிசையில் உடன்பாடே இல்லை. லைட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பாறை அடுக்கி, உப்புத் தண்ணீர் நிரப்பி, பவளம் ஒட்டிய பிறகு கண்ணாடியில் போட்ட ஓட்டையை மாற்ற முடியாது. அதனால் தொட்டியில் வழியும் தண்ணீரைக் கீழே இறக்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி எது என்று முடிவு செய்யத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

வாங்கியது பீன் அனிமல் என்று ரீஃப் ஆர்வலர்கள் அழைக்கும் முறையில் அமைந்த மூன்று குழாய் கிட். தொட்டிக்குள் ஒல்லியான கருப்புப் பெட்டி, கண்ணாடிக்கு வெளியே கொஞ்சம் பெரிய பெட்டி, கண்ணாடி ஓட்டை வழியே இரண்டையும் இணைக்கும் பல்க்ஹெட் என்ற திருகு இணைப்பு. வெளிப்பெட்டியிலிருந்து கீழே சம்ப்புக்கு, அதாவது தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும் பம்ப் இருக்கும் அடித்தொட்டிக்கு, மூன்று குழாய்கள் இறங்குகின்றன. தொட்டி 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம். அது நிற்கும் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் கட்டில் இருக்கிறது, அவருக்கு லேசான தூக்கம். முன்பு இருந்த தொட்டியில் துர்சோ என்ற வகை ஒற்றைக் குழாய்தான். அதில் காற்றும் தண்ணீரும் சேர்ந்தே இறங்கும், ராத்திரி முழுக்க சலசலப்பு இருந்துகொண்டே இருக்கும். இந்த முறை சத்தம்தான் எனக்கு முதல் கேள்வி.

அந்தக் கேள்விக்கு இந்தப் பெட்டி முழு மதிப்பெண் வாங்குகிறது. காரணம் எளிது. முதல் குழாயில் காற்றே கிடையாது, முழுக்கத் தண்ணீர். சைஃபனாக இறங்குவதால் அது வாயே திறப்பதில்லை. அதன் அடியில், பல சுற்று திருகி மெல்ல மூடும் கேட் வால்வு ஒன்று. பம்ப் ஏற்றும் தண்ணீரில் மிகப் பெரும்பகுதியை இந்தக் குழாய் இறக்கும்படி வால்வைத் திருகி வைக்கிறோம். மிச்சம் கசியும் கொஞ்சம் தண்ணீர் இரண்டாவது குழாயின் உள்சுவரை ஒட்டி மெல்லிய படலமாக வழிந்துவிடும். மூன்றாவது எப்போதும் காய்ந்தே இருக்கும், ஆபத்துக்கு மட்டும்.

வால்வைத் திருகும் வேலைக்குப் பொறுமை வேண்டும். கால் சுற்று திருப்பிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். வெளிப்பெட்டியில் தண்ணீர் மட்டம் மெதுவாக ஏறி ஓர் இடத்தில் நிற்கும் வரை காத்திருந்து, அப்புறம்தான் அடுத்த கால் சுற்று. முதலில் உறிஞ்சும் சத்தம் கேட்கும், பிறகு அது விட்டு விட்டு வரும், ஒரு கட்டத்தில் சட்டென்று நின்றுவிடும். பம்ப் ஓடுகிறதா என்று குழாயில் கை வைத்துப் பார்க்கத் தோன்றும். இங்கே பால் வால்வு உதவாது. கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினாலே முழுத் திறப்பிலிருந்து முழு மூடலுக்குப் போய்விடும், நுணுக்கமாக நிறுத்த வழியில்லை. கிட் தயாரித்தவர்கள் இதைப் புரிந்துகொண்டு கேட் வால்வே கொடுத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது.

சைஃபன் குழாயின் கீழ்முனை சம்ப் தண்ணீருக்குள் 2.5 செ.மீ. அளவுக்கு மூழ்கினால் போதும். அதிகம் இறக்கினால் பம்ப் ஆரம்பிக்கும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற முடியாமல் திணறும்.

உப்பு போடும் முன்பே நல்ல தண்ணீரை விட்டு ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள். அப்போதே கேட் வால்வை முழுசாக மூடியும் பார்க்க வேண்டும். நான் மூடினேன். வெளிப்பெட்டியில் மட்டம் ஏறியது. இரண்டாவது குழாயின் தலையில் ஒரு சின்னக் காற்றுக் குழாய் வளைந்து நிற்கும், அதன் நுனியைத் தண்ணீர் தொட்டதும் கொளக் என்று ஒரு சத்தம், காற்று அடைபட்டு அந்தக் குழாயும் சைஃபனாக மாறி மட்டத்தைக் கீழே இழுத்தது. அதையும் துணியால் அடைத்தேன், மூன்றாவது குழாய் இரைச்சலோடு இறக்க ஆரம்பித்தது. அந்த இரைச்சல் அவசியம். மேலே ஏதோ அடைத்திருக்கிறது என்று வீட்டில் இருக்கும் யாருக்கும் தெரிந்துவிடும். ஒரு நத்தை குழாய்க்குள் புகுந்தால்கூடத் தரை நனையாது என்பதை இப்படிக் கண்ணால் பார்த்தபின் வரும் நிம்மதி தனி.

தண்ணீர் இறங்கும் பக்கம் இவ்வளவு அருமை. ஏறும் பக்கத்தில்தான் குறை. பம்ப் ஏற்றும் தண்ணீரைத் தொட்டிக்குள் விட கிட்டோடு வரும் ரிட்டர்ன் வளைவு தண்ணீர் மட்டத்துக்குக் கீழே 10 செ.மீ. வரை இறங்குகிறது. கரன்ட் போனால் அந்த வாய் காற்றை இழுக்கும் வரை தொட்டித் தண்ணீர் பின்னோக்கி வடியும். என் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 7.2 லிட்டர். 10 செ.மீ. என்றால் 72 லிட்டர். சம்ப் 90-க்கு 40 செ.மீ., ஆக அங்கே 20 செ.மீ. ஏறும். குழாயிலும் பெட்டியிலும் நிற்கும் தண்ணீர் இதில் சேரவில்லை. அவ்வளவு காலி இடம் எந்தச் சம்ப்பில் இருக்கிறது?

தயாரிப்பாளரின் பதில், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு செக் வால்வு. அதை நம்பாதீர்கள். உப்புத் தண்ணீரில் சில மாதங்கள் போனால் சுண்ணாம்புப் பாசியும் குழாய்ப் புழுக்களும் வால்வின் மடலில் படியும், அது ஒட்டி மூடாது. வளைவில் சின்ன ஓட்டை போட்டுச் சைஃபனை உடைக்கலாம் என்பார்கள், அந்த ஓட்டையும் பாசியில் அடையும். நான் வளைவை வெட்டி, வாயை மட்டத்துக்கு 3 செ.மீ. கீழே நிறுத்தினேன். இப்போது வடிவது ஏறக்குறைய 22 லிட்டர்தான், சம்ப்பில் 6 செ.மீ. அதற்கு இடம் இருக்கிறது.

பொருத்தும்போது கவனிக்க: பல்க்ஹெட்டின் ரப்பர் வாஷர் விளிம்புப் பக்கம்தான் உட்கார வேண்டும், நட்டுப் பக்கம் இல்லை. அதில் சிலிக்கான் பூசத் தேவையில்லை. கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும். பித்தளை இணைப்பு எதையும் சேர்க்க வேண்டாம். அதிலிருந்து கரையும் செம்பு இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம். கிட்டில் எல்லாமே பிளாஸ்டிக், கிளாம்ப் உட்பட. நல்ல விஷயம்.

உள்பெட்டியில் தண்ணீர் நுழையும் சீப்புப் பற்களைத் தனியாகக் கழற்றிக் கழுவ முடிகிறது. மூடியின் ஓரத்தில் உப்புப் பொருக்கு கட்டுகிறது, ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். தொட்டியில் மட்டம் அசையாமல் நிற்பதால் ஆவியாகும் தண்ணீரின் குறைவு சம்ப்பின் பம்ப் அறையில் மட்டுமே தெரிகிறது. குறைந்த தண்ணீரைத் தானாக நிரப்பும் ஆட்டோ டாப்-ஆஃப் சென்சாரை அங்கே வைத்து, வடிகட்டிச் சுத்திகரித்த ஆர்ஓ-டிஐ தண்ணீரை நிரப்பவிட்டால் உப்பு 35 பிபிடி-யிலேயே (ஆயிரத்தில் 35 பங்கு) நிற்கிறது.

டெம்பர்டு (சூடாக்கிக் கடினப்படுத்திய) கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது ஆகாது, துளையிட்டால் கண்ணாடி நொறுங்கிவிடும். வாங்கும் முன் தொட்டி செய்தவரிடம் கேட்டுவிடுங்கள். மற்றவர்கள் தயங்காமல் வாங்கலாம். கூடவே பம்ப்பைக் கழற்ற வசதியாக இரண்டு யூனியனும் (திருகிப் பிரிக்கும் குழாய் இணைப்பு), அதிர்வு குழாயில் ஏறாமலிருக்க ஒரு துண்டு சிலிக்கான் டியூபும் சேர்த்து வாங்கிவிடுங்கள். கிட்டில் அவை இல்லை.